பொன்தாடிப் புல்

கார்த்திகேசுவின் முதுகில் புல் முளைத்தது, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது. அந்த வாரம் மல்லிகை விலை ஏறியிருந்தது, கெம்போங் மீன் விலை இறங்கியிருந்தது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு முறை குழாயில் தண்ணீர் நின்றது. இவற்றோடு சேர்த்துத்தான் ஊர் இதையும் பேசியது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது. காலையில் குளித்துவிட்டு முதுகைத் துடைத்தவருக்குத் துண்டில் சொரசொரவென்று பட்டது. மனைவி சீதாலெட்சுமியைக் கூப்பிட்டு, "பின்னால என்னமோ ஒட்டிருக்கு, பாரு" என்றார். அவள் தட்டிவிட்டாள், போகவில்லை. கிள்ளி இழுத்தாள், வரவில்லை. "ஒட்டலீங்க, மொளச்சிருக்கு" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஆறரைக்கு வந்துவிடும். புல் முளைத்ததென்று சொல்லி எவனிடம் லீவு கேட்பது?

அதுவும் அவர் பார்த்த வேலையே புல் வெட்டுவதுதான். ஒரு குத்தகைக்காரரிடம் ஆளாக இருந்து, ஃபெடரல் நெடுஞ்சாலை ஓரமாக, இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோலாலம்பூர் முனையிலிருந்து கிள்ளான் முனை வரைக்கும் வெட்டிக்கொண்டே போவார். கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் இந்த முனையில் மறுபடி முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. வெட்டுப்பட்ட புல்லெல்லாம் சேர்ந்து வஞ்சம் தீர்க்கிறது என்று சிலர் சொன்னார்கள். கீழ்மாடித் தம்புசாமி, ரயில்வேயில் அறிவிப்புச் சொல்லும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பவர், இது இனிப்புநீர் வியாதியில் ஒரு வகை என்றார். கிளினிக் டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். அதைத் தடவியதும் புல் நன்றாகச் செழித்தது.

சீதாலெட்சுமிக்கு மட்டும் முதலில் பயம் வரவில்லை. துன் சம்பந்தன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறவள் அவள். பார்த்தவுடனே அறுகம்புல் என்று முடிவுகட்டினாள். பிள்ளையாருக்கு நாள் தவறாமல் அறுகு கட்டியவளுக்கு அவரே பார்த்து வீட்டிலேயே கொடுத்துவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் புருஷனைக் குனியச் சொல்லி, கொழுந்தாக நுனி கிள்ளி, மாலையில் சேர்த்துக் கோயிலுக்கு அனுப்பினாள். குருக்கள் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் புல் பூத்தது. அறுகு பூத்தால் விரல் விரித்த மாதிரி நாலைந்து கதிர் பிரியும். இது நெட்டையாக ஒரு தண்டு விட்டு, அதன் நுனியில் பொன்னிறத்தில் பொடிப்பொடியாக முடி கட்டியிருந்தது. பேர் தெரியாத புல்லைச் சாமிக்குச் சாத்திவிட்டோம் என்பது ஒன்று. பேர் தெரியாத ஏதோ ஒன்று கட்டினவன் முதுகில் வேர்விட்டிருக்கிறது என்பது இன்னொன்று. அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது. உடனே நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

நாத்தனார் மாதவி, கார்த்திகேசுவைவிடப் பதினாறு வயது இளையவள். அப்பா போன பிறகு அண்ணன்தான் தோளில் இயந்திரத்தைச் சுமந்து அவளைப் படிக்க வைத்தார். அவள் படித்ததும் புல்தான். காஜாங்குக்கு அப்பால், பழைய ரப்பர்க் கம்பெனிக் கட்டடம் ஒன்றில் இயங்கிய தாவரக் காப்பகத்தில் அவளுக்கு வேலை. செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, இன்ன குடும்பம், இன்ன பேரினம், இன்ன சிற்றினம் என்று பேர் எழுதி அலமாரியில் பூட்டி வைப்பார்கள். பொத்தாம்பொதுவாகப் புல் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அண்ணன் வெட்டுவதைப் புல் என்பார், தங்கை வாயில் அதற்கு நூறு பேர் வரும். அதனால் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் புல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

போன் வந்த அன்றே வந்துவிட்டாள். அண்ணனை ஸ்டூலில் உட்காரவைத்து, பூதக்கண்ணாடியை முதுகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கார்த்திகேசு அதற்குள் இரண்டு தட்டு வடையைக் காலி செய்தார். கடைசியில் அவள் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "அண்ணி, நீங்க மாலைக்கு வெட்டிவேர் வைக்கிறீங்க இல்ல? கம்பத்துப் பக்கம் நடந்தா சேலையில ஒட்டுமே, அந்த ஒட்டுப்புல்லு, கெமுஞ்சுப்பு? ரெண்டும் ஒரே பேரினம். கிரைசோபோகன். முன்ன வெட்டிவேரைத் தனியா வச்சிருந்தாங்க, தொண்ணூத்தொம்பதுல எடுத்து இதுக்குள்ள சேத்துட்டாங்க" என்றாள்.

"வெட்டிவேர் வாசம் எங்க, அந்தச் சனியன் எங்க" என்றாள் சீதாலெட்சுமி.

"வாசத்த வச்சு சொந்தம் பாக்க மாட்டாங்க அண்ணி. பூவ வச்சுத்தான்." அப்புறம் அவள் விளக்கினாள். அந்தப் பேரினத்தின் அடையாளம், பூங்கதிரின் நுனியில் பொடிக்கதிர்கள் மும்மூன்றாக இருக்கும். ஒன்று காம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும், இரண்டு காம்பில் நிற்கும். அடியில் பொன்னிற முடி. கிரேக்க மொழியில் அந்தப் பேருக்குப் பொன்தாடி என்று அர்த்தமாம். அண்ணன் முதுகில் இருப்பதும் அதே வீட்டுப் பிள்ளைதான், சந்தேகமில்லை. ஆனால் நிற்கிற இரண்டும் உட்கார்ந்திருக்கிறதன் பக்கமாக நன்றாகச் சாய்ந்து கிடந்தன. உலகத்தில் எழுதிவைத்த ஐம்பது சொச்சம் சிற்றினத்தில் ஒன்றிலும் அப்படி இல்லை. அப்படியானால் இது புதுசு, பேர் வைக்காதது. பதினோரு வருஷம் மற்றவர்கள் வைத்த பேரை எழுதி எழுதி ஒட்டியவள் அவள். தான் ஒன்றுக்குப் பேர் வைக்க வேண்டும் என்கிற ஆசை அவளுக்கு எவ்வளவு இருந்தது என்பது அவள் மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்து முதுகில் வைத்ததிலேயே தெரிந்தது.

பேர் வைப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. வேர், தண்டு, இலை, பூ நான்கும் உள்ள ஒரு மாதிரியைக் காயவைத்து, காப்பகத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டும். பின்னால் யார் சந்தேகப்பட்டாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். படம் போதாது. "செடி உசுரோட இருந்தா அது கணக்குல வராது அண்ணி" என்றாள் மாதவி, ரொம்பச் சாதாரணமாக. சீதாலெட்சுமிக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஆனாலும் பேர் தெரிந்தால் மருந்து தெரியும் என்று நினைத்தாள். நடுவில் பூத்திருந்த தண்டைப் பிடித்து வேரோடு இழுத்தாள்; இந்தத் தடவை வந்துவிட்டது. கார்த்திகேசுவின் இடது கண்ணிலிருந்து மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. "வலிக்கிதாண்ணே?" என்றாள் தங்கை. "வலி இல்ல, என்னமோ வெளிய போன மாதிரி இருக்கு" என்றார் அவர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் போய் முடிந்தது. பூக்கடைக்காரர்கள் பழைய தமிழ்ப் பத்திரிகையில்தான் சரம் மடித்துக் கொடுப்பார்கள். அந்தப் பத்திரிகைகளில் நினைவஞ்சலிப் பக்கம் ஒன்று வரும். செத்துப்போனவர்களின் முகங்களைப் பெரிசு பெரிசாகப் போட்டு, கீழே மனைவி மக்கள் பேர்களை வரிசையாக அடித்திருப்பார்கள். சாமிக்குப் போகும் பூவை அந்தப் பக்கத்தில் மடிக்கக் கூடாது, கல்யாணத்துக்குப் போவதையும் கூடாது. அதனால் அந்தத் தாள்களை மட்டும் தனியே உருவி ஓர் ஓரமாகப் போட்டு வைப்பார்கள். சீதாலெட்சுமியின் வீட்டிலும் அப்படி ஒரு கட்டு கிடந்தது. புல் கோயிலுக்கும் போகவில்லை, கல்யாணத்துக்கும் போகவில்லை, காப்பகத்துக்குத்தானே போகிறது என்று அந்தக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, புல்லை அதில் வைத்து மடித்து நாத்தனார் கையில் கொடுத்தாள். வேறு எந்த ஊர்ப் பெண்ணும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்; வேறு ஊரில் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைக்கிற பழக்கமே கிடையாது.

மாதவி பொட்டலத்தை அப்படியே இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவில் வைத்து, வாரைப் போட்டு இறுக்கினாள். செடியைத் தட்டையாக்க அதுதான் முறை. மறுநாளிலிருந்து கார்த்திகேசு தட்டையாக ஆரம்பித்தார். ஒல்லி வேறு, தட்டை வேறு. முன்னாலிருந்து பார்த்தால் அதே ஆள், பக்கவாட்டில் திரும்பினால் ஆளையே காணோம். பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லோரி கடந்துபோன காற்றில் அவர் எழும்பி, கம்பி வேலியில் போய் ஒட்டிக்கொண்டார். கூட வேலை செய்தவர்கள் உரித்தெடுத்தார்கள். அன்றோடு மேஸ்திரி அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாலையோரத்தில் பறக்கிற ஆளை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார், பாவம்.

வார் இறுக்கிய சில நாள் கழித்துச் சூடான பெட்டியில் வைத்து உலர்த்துவார்கள். அப்போது கார்த்திகேசுவுக்குத் தாகம் எடுத்தது. வாளித் தண்ணீரைக் குடித்தார், சோறு வடித்த கஞ்சியைக் குடித்தார், பூக்கடையில் பூ வாடாமல் இருக்க வைத்திருந்த வாளியை எடுத்து அதையும் குடித்தார். தோல் சருகு மாதிரி சரசரத்தது. கிளினிக்கில் ரத்தம் எடுக்கப் பார்த்தார்கள், ஊசியில் தூசிதான் வந்தது. இவ்வளவு நடந்தும் மாதவிக்கு யாரும் சொல்லவில்லை, தங்கச்சி வேலை கெடும் என்று அவரே தடுத்துவிட்டார். சீதாலெட்சுமி வாய்க்குள் பிள்ளையாரைத் திட்டிக்கொண்டே தீபாவளி ஆர்டருக்கு மாலை கட்டினாள். கட்டின மாலை ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, இதைத் தன் வீட்டுக்கே கட்ட வேண்டி வந்துவிடுமோ என்று நினைத்துப் பதறினாள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் அவருக்குச் சட்டை மாற்றினாள். நெஞ்சில் ஏதோ மை படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள், போகவில்லை. உற்றுப் பார்த்தாள். ஒரு முகம் இருந்தது. மீசை வைத்த, டை கட்டிய, யாரென்றே தெரியாத ஆளின் முகம். சுற்றிலும் எழுத்து, கண்ணாடியில் தெரிவது மாதிரி, இடம் வலமாக மாறி ஓடியது. பொட்டு வைத்துக்கொள்ளும் கைக்கண்ணாடியை எடுத்து நெஞ்சுக்கு எதிரே பிடித்தாள். மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி என்று இருந்தது. அந்த மீசையை அவள் பார்த்திருக்கிறாள். தன் கையாலேயே அந்த முகத்தின்மேல் புல்லை வைத்து மடித்திருக்கிறாள். அவள் போனை எடுப்பதற்குள் கார்த்திகேசு, "கால் சில்லுன்னு இருக்கு சீதா" என்றார். குனிந்து பார்த்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் கால் விரல்களில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

மாதவி பந்திங் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, அதே புல் வேறெங்காவது முளைத்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். அண்ணி போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "காலையிலதான் ஃப்ரீசர்ல வச்சேன் அண்ணி. பூச்சி சாகணும்னு ஒரு வாரம் வைப்போம்" என்றாள். ஒரு வாரம் என்று அவள் சொன்னபோது பனி கணுக்காலுக்கு வந்திருந்தது. அறைச் சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது. தீபாவளி விடுமுறை, காப்பகத்தில் காவலாளியைத் தவிர யாருமில்லை. "நான் இப்பவே கிளம்புறேன். நீங்களும் வாங்க. மத்த பொட்டலத்தோட கலந்து வச்சுட்டேன், உள்ள முந்நூறு இருக்கு. அந்த மூஞ்சி உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

சீதாலெட்சுமி தம்புசாமியைக் கூட்டி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார வைத்தாள். வீட்டில் இருந்த எல்லாப் போர்வையையும் போர்த்தி, அடுப்பில் வெந்நீரை வைத்துவிட்டு, கட்டின சேலையோடு இறங்கி ஓடினாள். பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தீபாவளிக் கூட்டம். முறுக்கு, பட்டாசு, சேலைக் கடைகளின் ஒலிபெருக்கி, நகராத கார்கள். "ஆன்டி, மாலை எப்ப ரெடி?" என்று கேட்டவர்களைத் தள்ளிக்கொண்டு சென்ட்ரல் நிலையத்துக்குப் போய், காஜாங் வழியாகப் போகும் கொமுட்டரில் ஏறினாள். ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நிதானமாக நின்றது. தம்புசாமி போனில் இருந்தார். ஆயுளெல்லாம் நிலையங்களைப் பேர் சொல்லிப் பழகியவர், இதையும் அதே குரலில் சொன்னார். சாலாக் செலாத்தான் தாண்டும்போது, "முழங்கால், தங்கச்சி" என்றார். அப்புறம் "தொடை" என்றார். காஜாங்கில் கதவு திறந்தபோது, "இடுப்பு. வெந்நீர் ஊத்துறேன், ஊத்துற தண்ணியும் உறையுது லா" என்றார். அவள் பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டே, அவரை எதையாவது பேசச் சொல்லுங்கள் என்றாள். "பேசுறான். உனக்குச் சம்பளம் வாங்கணுமாம், கடைக்குத் திரும்பப் போகச் சொல்றான்" என்றார் தம்புசாமி.

காப்பகத்தின் வாசலில் ரபீக் என்கிற காவலாளி இருந்தான். கிராப் வாடகைக் காரிலிருந்து தலைவிரி கோலமாக இறங்கியவளைப் பார்த்து அவனுக்கே பயம் வந்தது. "அக்கா, லீவு நாள்ல ஆர்டர் இல்லாம விட முடியாது, என் வேலை போயிரும்" என்றான். அவள் கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை. போனை ஒலிபெருக்கியில் போட்டு அவன் முன்னால் நீட்டினாள். "தொப்புள்" என்றது தம்புசாமியின் குரல். "என்னாக்கா அது?" என்றான். "எம் புருஷன்" என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை, கேட்டைத் திறந்து தாழ்வாரம் வரைக்கும் கூட்டிப்போனான். அறைக்கதவு பூட்டியிருந்தது. உள்ளே குளிர்பெட்டி உறுமுகிற சத்தம் கேட்டது. அவள் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மழை பிடித்துக்கொண்டது. தம்புசாமி "நெஞ்சு" என்று சொன்ன பிறகுதான் மாதவியின் கார் உள்ளே வந்தது.

முழங்கால் வரை சிவப்புச் சேறோடு இறங்கினாள். அறையைத் திறந்தாள், பெட்டி முன்னால் போய் நின்றாள். அப்புறம் அவள் கை எழவில்லை. "வேற எங்கயும் இல்ல அண்ணி. ஒரு இடத்துலயும் இல்ல. இது ஒண்ணுதான்" என்றாள். கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அடுத்த மாதம் அச்சாகப் போகிறது, இந்தத் தாள் இல்லையென்றால் அந்தப் பேரே செல்லாது. அண்ணன் முதுகில் மறுபடி பூப்பதற்குள் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிந்துவிடும். இதையெல்லாம் அவள் அழுதுகொண்டு சொன்னாள். "இது போனா எனக்குன்னு ஒண்ணுமே இல்ல அண்ணி."

"தெரியும்மா" என்றாள் சீதாலெட்சுமி. அவளுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது. பதினோரு வருஷம் அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகூட இந்த அறையில் கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள், சோறு கட்டிக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தானே மூடியைத் திறக்க அவளால் முடியவில்லை. போனில் தம்புசாமி "கழுத்து" என்றார். அப்புறம், அறிவிப்புக் குரல் உடைந்து, "சீக்கிரம்மா" என்றார். அதன் பின்னால், ரொம்பத் தூரத்தில், கார்த்திகேசுவின் குரல் கேட்டது. "மாதவிய மழையில வண்டி ஓட்ட வேணாம்னு சொல்லுங்க" என்றது. மாதவி பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே அடுக்கடுக்காகப் பொட்டலங்கள், மலாய்ப் பத்திரிகை, சீனப் பத்திரிகை, எல்லாம் ஒரே மாதிரி விறைத்துக் கிடந்தன. சீதாலெட்சுமி ஒவ்வொன்றாகப் புரட்டி எறிந்தாள். அடியில் அந்த மீசைக்காரர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதவி உலர்பெட்டியில் வைத்துச் சூடு காட்டலாம் என்றாள். "தொடாத" என்றாள் அண்ணி. வாடின சரத்தைச் சூட்டில் காட்டுகிற பைத்தியக்காரி யார் இருக்கிறாள்? ரபீக்கை அனுப்பிப் பின்பக்கத்து வாழையில் ஓர் இலை வெட்டி வரச் சொன்னாள். முந்தானையை மழையில் நனைத்துப் பிழிந்து, புல்லை அதில் சுற்றி, இலையில் மடித்து, மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வாயால் தண்ணீர் உறிஞ்சிப் பூத்தூறலாக ஊதினாள். வாய் மரத்துப்போகிற வரைக்கும் ஊதினாள். அப்புறம் தம்புசாமி மூக்கை உறிஞ்சினார். "அவன் மீசையில பனி உருகுது தங்கச்சி. சொட்டுது" என்றார்.

மாதவி காரை ஓட்ட, சீதாலெட்சுமி மடியை விடாமல் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தாள். முதுகில் பிடுங்கின இடம் வழுக்கையாக அப்படியே இருந்தது. மாலை கட்டும் ஊசியால் லேசாகக் குத்தி, வேரை இறக்கி, கட்டைவிரலால் அழுத்தினாள். கார்த்திகேசு ஒரு பெரிய மூச்சு விட்டார். தீபாவளியன்று உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் பழைய பருமனுக்கு வந்து மறுபடி லோரி ஏறினார். நெஞ்சில் இருந்த முகம் மட்டும் போகவில்லை. செய்தி பரவி, அந்த மீசைக்காரரின் மனைவி கிள்ளானிலிருந்து பிள்ளைகளோடு வந்தார். கைக்கண்ணாடியில் பார்த்து, படம் நன்றாக விழுந்திருக்கிறது என்றார். இப்போது வருஷாவருஷம் திதியன்று வருகிறார்கள். கார்த்திகேசு சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார். அவர்கள் மாலை போடுவார்கள், மாலையைச் சீதாலெட்சுமிதான் கட்டிக் கொடுப்பாள்.

மாதவி கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள், ஒப்பந்தத்தை மட்டும் கேட்டு இன்னொரு வருஷம் நீட்டிக்கொண்டாள். அண்ணி வீட்டுக்கு வந்தாள், போனாள், புல்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறு வருஷம் சித்திரையில் அவள் இடது மணிக்கட்டில், கடிகாரம் கட்டும் இடத்தில், ஒரே ஒரு தண்டு முளைத்தது. ஒரே ரத்தம், வராமல் எங்கே போகும்? பூத்தவுடன் அதைப் பிடுங்குவதற்கு முன்னால் அண்ணியிடம் வந்து சொன்னாள். சீதாலெட்சுமி நாள் முழுக்க வேண்டாம் என்றாள். கடைசியில், "செய்யாம இருக்க மாட்ட. செய்யிறத ஒழுங்கா செய்யி" என்று சொல்லி, மாலைக்கு வைத்திருந்த வாழைநாரை முழங்கைக்கு மேலே, விஷம் ஏறாமல் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினாள். மடிப்பதற்குத் தாளையும் அவளே தேடினாள். கடையிலிருந்த பத்திரிகைக் கட்டுகளையெல்லாம் பிரித்து, குழந்தைகளின் பிறந்தநாள் வாழ்த்துப் படம் போட்ட பக்கம் ஒன்றை எடுத்தாள். பனி நாரோடு நின்றது. அந்த வாரம் முழுக்க அவள் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களுக்கு வெந்நீர் ஊற்றினாள். மாதவியின் இடது முன்கை இன்றைக்கும் ஒரு தாள் கனம்தான் இருக்கிறது. அதில் தொப்பி போட்ட ஒரு குழந்தை, இடம் வலமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

தாள் அலமாரிக்குள் போனது. பேர் அச்சில் வந்தது, லத்தீன் வால் ஒட்டி: கிரைசோபோகன் சீதாலெட்சுமியே. புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டியபோது அண்ணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எம் பேரு எதுக்கும்மா? மொளச்சது உங்கண்ணன் முதுகுல. அவரு பேர வைக்கலாம்ல?" என்றாள்.

"அண்ணன் நெலம், அண்ணி. நெலத்துப் பேரா வைப்பாங்க?" என்றாள் மாதவி.

கார்த்திகேசு இதைக் கேட்டுக்கொண்டே வடை தின்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூக்கடைச் சந்துப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். அவர் சட்டையில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பெண்களும் இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக நின்று, அவர் பக்கம் சாய்ந்து, கத்தரிக்கோலால் முதுகைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். பொன்னிற விதைகள் கடந்துபோகிறவர்களின் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு, அவர்களோடு கொமுட்டரில் ஏறிக் கிள்ளானுக்கும் காஜாங்குக்கும் போகும். வீட்டுக்குப் போய்க் குனிந்து அதைப் பிடுங்கும்போது, சீதாலெட்சுமி ஒட்டிருச்சு என்று சொல்லுகிறார்கள்.